சத்தம் போடாத சர்வர்: ஆல்பைன் லினக்ஸில் ஷெல்லும் வட்டும்

யாராவது ஒரு சர்வரை என் பொறுப்பில் விடும்போது, அது ஆல்பைன் லினக்ஸ் என்று தெரிந்தால் முதலில் இரண்டு கோப்புகளைத்தான் திறந்து பார்ப்பேன். ஒன்று, யாருக்கு எந்த ஷெல் (நாம் தரும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) என்று சொல்லும் பாஸ்வேர்டு கோப்பு. மற்றது, எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப். ஃபயர்வால் எல்லாம் அப்புறம். இந்த இயங்குதளத்தில் நான் பார்த்த பெரிய சேதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தொடங்கியிருக்கின்றன.

ஆல்பைனை 2005-இல் நத்தனேல் கோபா தொடங்கினார். 2014-இல் அதுவரை பயன்படுத்திய யூக்ளிப்சியை விட்டுவிட்டு மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்துக்கு மாறியது. அன்றாடக் கட்டளைகளை பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரல் பார்த்துக்கொள்கிறது. செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கான இதன் படிமம் சில எம்பிதான். டாக்கரில் பழகிய கையோடு அதையே முழு சர்வராக நிறுவுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் உபுண்டுவில் இருந்த பழக்கங்களையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

ஷெல்லை எடுத்துக்கொள்வோம். ஆல்பைனில் இயல்பாக இருப்பது பிஸிபாக்ஸின் ஆஷ் என்ற சிறிய ஷெல், உபுண்டுவில் பழகிய பேஷ் கிடையாது. உபுண்டுவில் எழுதிய ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து ஓடவிட்டால் 'நாட் ஃபவுண்ட்' என்று பதில் வரும். கோப்பு கண்முன்னே இருக்கிறது, இயக்கும் உரிமையும் இருக்கிறது, பிறகு என்ன காணவில்லை? காணாமல் போனது ஸ்கிரிப்ட் அல்ல, அதன் முதல் வரியில் குறிப்பிட்டிருக்கும் பேஷ். இது தெரியாமல் கோப்பின் உரிமைகளை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பலர் செய்வது இன்னும் மோசம். முதல் வரியில் பேஷை அழித்துவிட்டு எஸ்ஹெச் (ஆல்பைனில் அதுவும் ஆஷ்தான்) என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும். பாதி வரை ஒழுங்காகவும் ஓடும். ஷெல் முழு ஸ்கிரிப்டையும் முன்கூட்டியே படித்துச் சரிபார்ப்பதில்லை, படிக்கப் படிக்கவே செய்து முடிக்கிறது. ஆஷுக்கு அர்ரே (பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் பட்டியல்) தெரியாது. ஆகவே பழைய பேக்கப்பை அழிக்கும் வரி மேலே இருந்து, புதியதை எடுக்கும் பகுதி கீழே ஓர் அர்ரேயில் தொடங்கினால், அழிக்கும் வேலை முடிந்த பிறகுதான் பிழைச் செய்தி வரும். பேஷ் வேண்டுமென்றால் ஏபிகே என்ற ஆல்பைனின் பேக்கேஜ் நிறுவி மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். சில எம்பி கூடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஆனால் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் ஷெல்லைப் பேஷாக மாற்றாதீர்கள். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் வட்டில் இருக்கிறது.

ஆல்பைனை மூன்று விதமாக நிறுவலாம். சிஸ் முறை நமக்குப் பழகியது: எல்லாமே வட்டில். டேட்டா முறையில் இயங்குதளம் ரேமிலும், மாறிக்கொண்டே இருக்கும் தரவுகளுக்கான வார் டைரக்டரி வட்டிலும் இருக்கும். டிஸ்க்லெஸ் முறையில் எல்லாமே ரேமில். எல்பியூ கமிட் என்று கட்டளை கொடுத்தால்தான் மாற்றங்கள் சேமிக்கப்படும். அதுவும் இயல்பாக, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி டைரக்டரியை மட்டுமே சேமிக்கும். வேறு எதுவும் வேண்டுமென்றால் நாம்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இப்போது இரண்டையும் பொருத்திப் பாருங்கள். டிஸ்க்லெஸ் சர்வரில் ஒருவர் பேஷை நிறுவி, ரூட்டின் ஷெல்லாக்கி, கமிட்டும் செய்துவிட்டார். பாஸ்வேர்டு கோப்பு ஈடிசியில் இருப்பதால் அந்த மாற்றம் பத்திரமாக இருக்கும். பேஷ் பேக்கேஜோ ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக நிறுவப்பட வேண்டும். பேக்கேஜ்களைச் சேமித்துவைக்கும் ஏபிகே கேஷ் அமைக்கவில்லை, பூட் ஊடகத்திலும் பேஷ் இல்லை என்றால் நிறுவ வழியில்லை. ரூட்டுக்குச் சொல்லப்பட்ட ஷெல் உலகத்திலேயே இல்லை. கன்சோலில் உள்ளே நுழைய முடியாது; ஷெல் இல்லை என்று, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் திருப்பி அனுப்பிவிடும். ரூட்டுக்கு ஆஷே இருக்கட்டும். பேஷ் பிடித்தவர்கள் தங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வட்டு இணைப்பில் வேறொரு வகை மௌனம் இருக்கிறது. பூட்டின்போது சேவைகளைத் தொடங்க சிஸ்டம்டி என்ற நிரல் உள்ள இயங்குதளங்களில் எஃப்எஸ்டேபில் குறித்த வட்டு கிடைக்காவிட்டால், 'நோஃபெயில்' என்று சேர்த்திருந்தாலொழிய, பூட் பாதியில் நின்று எமர்ஜென்சி ஷெல் வந்துவிடும். எரிச்சலாக இருந்தாலும் விஷயம் உடனே தெரிந்துவிடும். ஆல்பைனில் அந்த வேலையைப் பார்க்கும் ஓப்பன்ஆர்சி ஒரு வரி எச்சரிக்கையைத் திரையில் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறது. திரையே இல்லாத சர்வரில் அந்த வரியை யார் படிப்பது?

ஒரு சிறிய அலுவலகத்தில் நடந்தது இது. எஃப்எஸ்டேபில் வட்டை எஸ்டிபி என்ற பெயரால் குறித்திருந்தார்கள். கூடுதலாக ஒரு வட்டைச் செருகியதும் பெயர்கள் இடம் மாறிவிட்டன. பேக்கப் வட்டு இணையவில்லை, ஆனால் அது இணைய வேண்டிய வெற்று டைரக்டரி இருந்தது. இரவு பேக்கப் அதற்குள்ளேயே, அதாவது இயங்குதளம் இருக்கும் ரூட் வட்டிலேயே, எழுதிக்கொண்டு போனது. யாரோ கவனித்துப் பேக்கப் வட்டை இணைத்ததும் எழுதியதெல்லாம் அதன் அடியில் மறைந்துபோனது. வட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையில் பார்த்தால் ரூட் வட்டு நிரம்பி வழிகிறது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கொண்டு கூட்டினால் பாதிகூட வரவில்லை. ரூட் வட்டை வேறோர் இடத்திலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து அதன் வழியாகப் பார்த்தபோதுதான் மறைந்திருந்த பேக்கப் கோப்புகள் தெரிந்தன.

பெயர் மாறினாலும் மாறாத யூயூஐடி என்ற தனி அடையாள எண் கொண்டு குறித்திருந்தால் இது நடந்திருக்காது. பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் சோதித்து, வட்டு இணையவில்லை என்றால் வெளியேறு என்று ஒரு வரி இருந்திருந்தாலும் போதும். பூட்டின்போது வட்டுகளை இணைக்கும் லோக்கல்மவுண்ட் சேவையின் அமைப்பில் முக்கியமான வட்டுகளைக் குறித்துவைக்கவும் வழி உண்டு. அவை இணையாவிட்டால் அந்தச் சேவையே தோல்வியாகும். தொலைவில் இருக்கும் சர்வரில் இதைச் செய்யுமுன் நன்றாக யோசியுங்கள். ஆல்பைனில் நெட்வொர்க் சேவையே லோக்கல்மவுண்ட்டை நம்பி நிற்கிறது. பேக்கப் வட்டு பழுதானதற்காக சர்வருக்குள் போகும் வழியும் அடைபட்டுவிடும். பேக்கப் வட்டுக்கு ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரியே மேல்.

இவ்வளவும் அமைத்தவர்களிடம் நான் கேட்பது ஒரு சோதனைதான். சர்வர் பக்கத்தில் இருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள். கன்சோலில் ரூட்டாக நுழைய முடிகிறதா, டிஎஃப் பட்டியலில் எல்லா வட்டுகளும் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு பேக்கப் வட்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டுங்கள். அது மறுத்து வெளியேறினால் கேபிளைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.