மழுங்கிய டையும் இசைத்தட்டின் கரகரப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பட்டறைக்கு 12 அங்குல வினைல் இசைத்தட்டுக்கான உள்ளுறை வேலை ஒன்று வந்தது. வெள்ளைத் தாள், நடுவில் லேபிள் தெரிவதற்கான வட்டத் துளை, அவ்வளவுதான். பலகையில் எஃகு பிளேடு பதித்த ‘டை’யை அழுத்தித் தாளை வெட்டுவதுதான் டை பஞ்சிங். அதில் இதைவிட எளிய வேலை இல்லை என்றே நினைத்தோம். சரக்கு போய்ச் சேர்ந்த சில நாட்களில், புதுத் தட்டு இரண்டாம் முறை போடும்போதே கரகரக்கிறது என்று உறைகள் திரும்பி வந்தன. ஓர் உறையைக் கறுப்புத் துணியின் மேல் பிடித்துத் தட்டினேன். மாவு சலித்ததுபோல் தாள்தூள் உதிர்ந்தது. பிளேடு தேய்ந்திருப்பது தெரிந்தும், புது டை போடும் செலவை நினைத்துப் பழையதையே ஓட்டியிருந்தோம்.

வினைல் தட்டின் வரிப்பள்ளம் ஏறத்தாழ 0.05 மி.மீ. அகலமே உடையது. உறையிலிருந்து தட்டை உருவும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூளைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பள்ளத்தில் தங்கிய தூளின் மேல் ஊசி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ‘டப்’ என்று ஒலிபெருக்கியில் கேட்கும். அட்டைப்பெட்டியில் யாரும் கவனிக்காத குறை இங்கே காதுக்கு எட்டிவிடுகிறது.

நம் டையில் 18 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய தடத்துக்குள் 23.8 மி.மீ. உயரமுள்ள எஃகு பிளேடு இறங்கி நிற்கும். கூர்மையாக இருக்கும்வரை அது தாளின் நாரை அறுக்கும். மழுங்கிய பின் நசுக்கிப் பிய்க்கும், அந்தப் பிசிறுதான் தூள். வட்டத் துளையில் இன்னொரு சிக்கலும் உண்டு: வளைத்த பிளேடின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கே தாள் வெட்டுப்படாமல் கிழியும். துளையின் ஓரத்தைச் சுற்றிலும் விரல் நுனியால் ஒருமுறை தடவினால், அந்த ஓர் இடம் மட்டும் சொரசொரப்பாக அகப்படும்.

வெட்டு விழாத இடத்தில் அடியில் தாள்பட்டை ஒட்டி ஏற்றுவது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். உயர வேறுபாட்டைச் சரிசெய்யும் அளவுக்கு அது நல்ல வழக்கமே. ஆனால் மழுங்கலுக்கு மருந்தாக அதைச் செய்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நன்றாக இருந்த பிளேடுகளின் முனையும் சேர்ந்து தட்டையாகிவிடும்.

மருந்துப் பெட்டி வேலையில் இதன் விளைவு வேறு விதமாக வெளிப்படும். மடிப்புக்கோடு பதிக்கும் கூரில்லாத எஃகுப் பட்டைக்குக் கிரீசிங் ரூல் என்று பெயர். 0.4 மி.மீ. அட்டைக்கு 0.7 மி.மீ. கிரீசிங் ரூல் போட்டால், எதிர்ப்பக்கத்தில் அது அழுந்தும் தடம் 1.3 மி.மீ. அகலத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் கூடிவிட்டால் மடிப்புக்கோடு வெடித்து, மருந்து ஆலையின் தானியங்கி மெஷினில் பெட்டி விரியாமல் சிக்கும். ஸ்டிக்கர் லேபிளில் மேல்தாள் மட்டுமே வெட்டுப்பட வேண்டும். அழுத்தம் மீறி அடித்தாளும் கீறப்பட்டால், ஒட்டும் மெஷினில் ரோல் நடுவழியில் அறுந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. மழுங்கிய டையில் கழிவுத் துண்டு சரியாகப் பிரியாது. தாள் பிளேடுகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். ஆர்டர் அவசரத்தில் இருக்கும் ஆபரேட்டர், தாளை டையோடு அழுத்தும் தட்டான பிளாட்டன் மூடுவதற்குள் எடுத்துவிடலாம் என்று கையை நீட்டுவார். இந்தத் தொழிலில் விரல் இழந்தவர்களை நான் நேரில் அறிவேன். அவர்களில் ஒருவரும் புதியவர் அல்லர், எல்லோரும் கைப்பழக்கத்தை நம்பிய அனுபவசாலிகள். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21 ஆம் பிரிவு சொன்னது. தாள் போடுவதற்கு இடைஞ்சல் என்று அந்தத் தடுப்பைக் கழற்றி வைப்பதற்கு எந்த முதலாளியும் இடம் தரக் கூடாது.

இப்போது எங்களிடம் ஒவ்வொரு டைக்கும் ஓர் அட்டை இருக்கிறது. எத்தனை தாள் அடித்தது என்று அதில் எழுதிவருகிறோம். முதல் தாளையும் ஒவ்வோர் ஆயிரமாவது தாளையும் கறுப்புத் துணியில் தட்டிப் பார்க்கிறோம். காலையில் மெஷினை ஓட்டியதும், சுருட்டிய அட்டைக் குழலால் தடுப்புக் கம்பியைத் தள்ளி மெஷின் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முதல் தாள் உள்ளே போகும். தாள் சிக்கினால் மோட்டாரை அணைத்தால் மட்டும் போதாது, பெரிய சக்கரம் சுற்றி ஓயும்வரை இரண்டு கைகளும் வெளியில்தான் இருக்க வேண்டும்.