ஏழு கன்னியர் மலையும் 'புல் அப்' குரலும்

இலங்கை மலையகத்தில் நோர்ட்டன்பிரிஜ் பக்கம் போனால் ஏழு கன்னியர் மலையைக் காட்டி, 'பிளேன் விழுந்த மலை' என்பார்கள் பெரியவர்கள். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம் அங்கேதான் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணை சொன்ன காரணம் இடக்குழப்பம். விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து விமானிகள் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஓடுபாதையோ இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால்.

இடம் பிசகினால் உயரமும் பிசகும். விமானங்கள் வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் இறங்குகின்றன. கிலோமீட்டருக்கு 52 மீட்டர் இறக்கம். அந்தச் சரிவை எழுபது கிலோமீட்டருக்குப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள், 3,600 மீட்டருக்கு மேல் போகும். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். ஆக, சரியான சரிவில் வருகிறவருக்கு நம் மலைகள் எல்லாம் காலுக்கு ஒரு கிலோமீட்டர் கீழே. கட்டுநாயக்க பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பியவருக்கு அவை நேர் எதிரே. இரவில் மலைக்கு விளக்கா இருக்கிறது?

அதற்கு மூன்றே நாள் முன்பு, டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வெர்ஜீனியாவிலும் ஒரு போயிங் 727 இதேபோல் தரையிறங்க வரும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை அந்நாடு கட்டாயமாக்கியது.

அந்தக் கருவி கேட்பது ரேடியோ உயரமானியின் பேச்சை. அந்த உயரமானி விமானத்தின் வயிற்றுக்கடியிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும். இடைவெளி வேகமாகக் குறைந்தால் எச்சரிக்கைக் கருவி 'புல் அப்', அதாவது 'மேலே தூக்கு' என்று கத்தும். நல்ல கருவிதான், ஆனால் குனிந்த தலை நிமிராது. அதற்குக் காலடி தெரியும், முன்னால் இருக்கும் சுவர் தெரியாது. வினாடிக்கு 130 மீட்டர் பறக்கும் விமானம் 45 பாகை மலைச்சரிவுக்கு மேல் 300 மீட்டர் உயரத்தில் வந்தால், மட்டமாகப் பறந்தாலும் இரண்டரை வினாடிக்குள் மோதிவிடும். கத்தி என்ன பயன்?

1990களில் வந்த மேம்பட்ட கருவி வேறு வழியில் போனது. உலகின் மேடுபள்ளம் முழுவதையும் வரைபடமாக நினைவில் வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ் சொல்லும் இடத்தோடு ஒப்பிட்டு, போகும் திசையில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்கிறது. கனடாக்காரரான பொறியாளர் டான் பேட்மேனின் பெயர் பழையதோடும் புதியதோடும் சேர்ந்தே பேசப்படும். இந்தக் கருவியின் முதல் எச்சரிக்கை மோதலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்பே வரும். அதே வேகத்தில் அது ஏழெட்டுக் கிலோமீட்டர். மூக்கைத் தூக்கி மேலேற அது தாராளம். அப்புறம் விமானி அறைத் திரையில், விமானத்தைவிட மிக உயரமான மலை சிவப்பாகத் தெரியும், மேகம் மூடியிருந்தாலும் சரி, நள்ளிரவானாலும் சரி.