ஸ்பீக்கர் வயர மைக்ல சொருகிட்டா அது ரிப்பீட்டர் ஆயிடாதுங்க

ரிப்பீட்டர்னா ஒரு வயர்லெஸ் செட்டு பேசுறத வாங்கி அப்பவே மத்த செட்டுங்களுக்குத் திருப்பி அனுப்புற பொட்டி. ரிப்பேருக்கு இந்த மாசத்துல வந்த மூணாவது பொட்டி இது. வால்பாறை பக்கம் ஒரு எஸ்டேட்ல இருந்து ஜீப்ல ஏத்திட்டு வந்து பெஞ்ச் மேல வச்சாங்க. "அண்ணா, நேத்து ராத்திரியில இருந்து யாரும் பேசாமயே ட்ரான்ஸ்மிட் லைட் எரிஞ்சுட்டே இருந்துச்சு, காலைல பாத்தா செட்டே செத்துப் போச்சு, கன்ட்ரோலர் போர்டு போயிருக்கும்னு நெனக்கிறோம்"ன்னாங்க.

மூடிய கழட்டிப் பாத்தா கன்ட்ரோலர்னு, அதான் எப்ப அனுப்பணும் எப்ப நிறுத்தணும்னு முடிவு பண்ற போர்டு, ஒண்ணே இல்ல. ரெண்டு மொபைல் செட்டு (ஃபோன் இல்ல, வண்டியில மாட்டுற வயர்லெஸ் செட்டு), ஒண்ணோட ஸ்பீக்கர் வயரு இன்னொண்ணோட மைக்குக்குப் போகுது. அதே ஸ்பீக்கர் சத்தத்த ஒரு டயோடு, கெப்பாசிட்டர் வச்சு டிசி ஆக்கி ஒரு பிசி547 ட்ரான்சிஸ்டருக்கு குடுத்து, அது ஒரு ரிலேய (காயில் இழுக்குற சுவிட்ச்) இழுத்து, ரிலே பிடிடிய (பேசும்போது அமுக்குற பட்டன்) அமுக்குது, அவ்ளோதான். ரிலே காயிலுக்குக் குறுக்க டயோடு கெடையாது. ரிலே ஒவ்வொரு தடவ விடும்போதும் காயில் நூறு வோல்ட்டுக்கு மேல ஒதைக்கும், பிசி547 தாங்குறது 45 வோல்ட்டு. எத்தன நாள் அடி வாங்குச்சோ தெரியல, அன்னிக்கு கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட். ரிலே விடவே இல்ல, விடிய விடிய ட்ரான்ஸ்மிட், ஃபைனல் ட்ரான்சிஸ்டர் கருகி போர்டு பழுப்பா மாறிக் கெடக்கு. ரெண்டு ரூபா 1என்4007 டயோடு ஒண்ணு போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. யானை எறங்குனா தொழிலாளிங்க லைன் வீடுகளுக்கு சொல்றதே அந்த சேனல்லதான், அது ஒரு ராத்திரி முழுக்க அடைபட்டுக் கெடந்திருக்கு. வயித்தெரிச்சலா இருக்கு.

கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான். "ஒரு செட்டுல கேக்குறத இன்னொரு செட்டு திருப்பிச் சொல்லணும், அதுக்கு எதுக்குங்க தனியா ஒரு போர்டு?" இத நான் வாரத்துக்கு ரெண்டு தடவயாவது கேக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடுறேன்.

ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் வால்யூம் குமிழுக்கு அடிமை. டியூட்டிக்கு வந்த பையன் "சத்தமா இருக்கே"ன்னு குமிழ கொஞ்சம் திருப்பினான்னா உங்க மொத்த நெட்வொர்க்கோட சத்தமும் கொறஞ்சுது, அதே சத்தத்த வச்சுதான் பிடிடியும் அமுங்குதுன்னா ரிப்பீட்டரே எழும்பாது. இன்னொண்ணு, நம்ம எஃப்எம் செட்டு எல்லாம் அனுப்பும்போது கீச்சு சத்தத்த தூக்கி அனுப்பும், வாங்கும்போது அதே அளவு எறக்கும். ஆக்டேவுக்கு 6 டெசிபல். ஸ்பீக்கர்ல வர்றது எறக்குன சத்தம், மைக்ல குடுத்தா அது மறுபடி தூக்கிக்கும், கணக்கு சரியாப் போகும். ஆனா யாரோ சொன்னாங்கன்னு ரிசீவரோட டிஸ்கிரிமினேட்டர்ல (சிக்னல்ல இருந்து சத்தத்தப் பிரிக்கிற எடம்) இருந்து எடுத்து நேரா மைக்ல குடுப்பாங்க, அது எறக்காத சத்தம், ரெண்டு தடவ தூக்கினா தகர டப்பாக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். ஸ்பீக்கர் சத்தத்த ட்ரான்ஸ்மிட்டரோட ஃபிளாட் இன்புட்ல (தூக்காம அப்படியே அனுப்புற எடம்) குடுத்தா நேர்மாறு, போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி. ரெண்டுக்கும் வால்யூம் ஏத்தி மருந்து கெடையாதுங்க! கன்ட்ரோலர் போர்டுல 75 கிலோஓம், 0.01 மைக்ரோஃபாரட் ஜோடிய பாத்திருப்பீங்க, அந்த எறக்குற வேலைக்குத்தான் அது, 750 மைக்ரோசெகண்ட். ஒரு கெப்பாசிட்டர்தானேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

நான் எப்பவும் டிஸ்கிரிமினேட்டர்லதான் எடுப்பேன், அது எந்தக் குமிழுக்கும் கட்டுப்படாது. என்ன, சிக்னல் இல்லாதப்ப அங்க காது கிழியுற இரைச்சல் ஓடிட்டே இருக்கும், அதனால நடுவுல ஒரு கேட், அதான் சத்தத்துக்கு ஒரு கதவு, வேணும். பெரும்பாலும் 4066 ஐசி. கதவ எப்ப தொறக்கணும்னு சொல்றது சிஓஆர், அதான் சிக்னல் வந்துடுச்சுன்னு ரிசீவர் குடுக்குற உத்தரவு. பேச்சுக்கு மேல இருக்கிற ஃப்ரீக்வென்சில இரைச்சல அளந்து, இரைச்சல் அடங்குச்சுன்னா கேரியர் (பேச்சச் சுமந்து வர்ற அலை) வந்துடுச்சுன்னு ஸ்குவல்ச் சர்க்யூட் முடிவு பண்ணும், ஆளு பேசுறானா இல்லையான்னு அதுக்குக் கவலையே இல்ல. விஷயமே இதுதான், சத்தம் போற பாதை வேற, உத்தரவு போற பாதை வேற. நீங்க சத்தத்தையே உத்தரவாக்கினா "யானை எறங்குது"ன்னு கத்துனா "...றங்குது"தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும், மூச்சு வாங்க நிறுத்துனா ரிலே விட்டுடும்.

டோன் (நம்ம செட்டுதான்னு காட்ட பேச்சோட சேர்ந்து போற தாழ்ந்த சத்தம்) போட்டிருந்தா, 88.5 ஹெர்ட்ஸ்னு வைங்க, சிஓஆரும் டோனும் ரெண்டும் சரின்னாதான் பிடிடி போகணும், அதுக்கப்புறம் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறத வெட்டிட்டு அனுப்பணும். டிடிஎம்எஃப் ஐசிக்கு (கீபேட் பட்டன் சத்தத்த எந்த பட்டன்னு கண்டுபிடிக்கிறது), அதான் எம்டி8870, எறக்குன சத்தத்தக் குடுங்க, எறக்காம குடுத்தா பட்டனோட மேல் டோன் தூக்கலா நின்னு ஒரு செட்டு கோட எடுக்கும், இன்னொரு செட்டு எடுக்காது, அப்புறம் பட்டன் தேஞ்சு போச்சுன்னு கீபேட மாத்துவீங்க. போன தீபாவளிக்கு ஒருத்தர் ரெண்டு கீபேட் மாத்திட்டுத்தான் என்கிட்ட வந்தார்.

அப்புறம் இந்த படபடப்பு. ரிப்பீட்டர் எழும்பும், அடங்கும், எழும்பும், அடங்கும், மெஷின் கன் மாதிரி. உடனே கன்ட்ரோலர் மேல பழி. ட்ரான்ஸ்மிட்டர் ஆண்டெனாவ கழட்டிட்டு அங்க ஒரு டம்மி லோட் (பவர வெளிய விடாம சூடாக்கித் தின்னுடுறது) மாட்டிப் பாருங்க. படபடப்பு நின்னுடுச்சுன்னா உங்க ட்ரான்ஸ்மிட்டரே உங்க ரிசீவர செவிடாக்குதுன்னு அர்த்தம், கேரியர் காணாம சிஓஆர் விழும், ட்ரான்ஸ்மிட்டர் நிக்கும், காது தெளியும், மறுபடி எழும்பும். டியூப்ளெக்சரையும் (அனுப்புறதையும் வாங்குறதையும் பிரிச்சு வைக்கிற ஃபில்டர்) கேபிளையும் பாருங்க, போர்ட தொடாதீங்க. யாரும் பேசாதப்ப இரைச்சல் போகுது, பேசுனா அமைதியாகுதுன்னா அதுக்கும் என்ன கூப்பிட வேணாம், சிஓஆர் தலைகீழா இருக்கு, ஜம்பர மாத்துங்க.

தயவு செஞ்சு இத மட்டும் பண்ணுங்க. ரிலேக்கு டயோடு போடுங்க, இல்ல ரிலேயே வேணாம், ஒரு பிசி817 ஆப்டோ (வெளிச்சத்தால இயங்குற சின்ன சுவிட்ச்) போதும். ரெண்டு செட்டுக்கும் நடுவுல சத்தம் போற வழியில 600 ஓம் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டீங்கன்னா அந்த "ம்ம்ம்"ங்கிற ஹம் பாதி போயிடும். கன்ட்ரோலர்ல 3 நிமிஷம் டைம் அவுட் (அதுக்கு மேல விடாம அனுப்புனா தானா நிறுத்துறது) வச்சுட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, பிடிடி ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆனா அந்த டைமர் எத நிறுத்தும்? ட்ரான்ஸ்மிட் செட்டோட ப்ரோக்ராமிங்லயே தனி டைம் அவுட் இருக்கு, அதையும் வைங்க, ஆனா 3 நிமிஷம் வைக்காதீங்க. ஆளு மாறி ஆளு பேசும்போது கன்ட்ரோலர் டைமர் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குப் போயிடும், செட்டோடது ஹேங் டைம்ல (பேசி விட்டப்புறமும் ட்ரான்ஸ்மிட் கொஞ்சம் நிக்கிற நேரம்) விடாம ஓடிட்டே இருக்கும், பேச்சு நடுவுல அறுந்துடும். 10 நிமிஷம் வைங்க. கையில புடிக்கிற வாக்கிடாக்கிய ட்ரான்ஸ்மிட்டரா போடவே போடாதீங்க, நாள் பூரா ஓட்டுறதுக்கு அது செஞ்சதில்ல. லைசென்ஸ் விஷயம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கடைசியா லெவல். காதால கேட்டு வைக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். சர்வீஸ் மானிட்டர்ல (ரேடியோ செட்ட அளக்குற கருவி) 1 கிலோஹெர்ட்ஸ் டோன், 1.5 கிலோஹெர்ட்ஸ் டிவியேஷன்ல (சத்தத்துக்கு ஏத்தபடி ஃப்ரீக்வென்சி நகர்ற அளவு) உள்ள விட்டா வெளியவும் அதே 1.5 வரணும், 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு இதான் கணக்கு. மானிட்டர் இல்லன்னா கடைக்கு எடுத்துட்டு வாங்க, பத்து நிமிஷ வேலை, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வச்சுத் தர்றேன். வரும்போது அந்த வால்யூம் குமிழுக்கு ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக் கொண்டு வராதீங்க, எஸ்டேட் செட்டுல அதுவும் பண்ணி வச்சிருக்காங்க.