பிணை நிற்கும் ஹைட்ரஜன்: ஓர் ஆய்வுத் தலைப்பில் மூன்று சொற்கள்

"ஒரு கரிம உப்பின் படிகக் கட்டமைப்பும் ஹைட்ரஜன் பிணைப்பும்." காரைக்குடியில் ஆராய்ச்சி செய்யும் என் பழைய மாணவி தன் ஆய்வுத் தலைப்பை இப்படித் தமிழாக்கி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: "சார், சொல்லெல்லாம் சரியா இருக்கா? எங்க அப்பத்தாகிட்டப் படிச்சுக் காட்டினா ஏதாவது பிடிபடுமா?"

சொல் சரிதான் என்று உடனே பதில் போட்டுவிட்டேன். அப்பத்தாவுக்குப் பிடிபடுமா என்ற கேள்விதான் ஒரு வாரமாக என்னை விடவில்லை. தமிழ்வழியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் இது. அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வேதியியல் தலைப்பு வீட்டுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன்.

உப்பு என்ற சொல்லில் சிக்கலே இல்லை. அமிலமும் காரமும் சேர்ந்து பிறப்பதெல்லாம் உப்பு என்று பாடப் புத்தகம் சொல்கிறது. இப்படி ஓர் இனத்துக்கே உப்பு என்று பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் வெடியுப்பு என்றால் பொட்டாசியம் நைட்ரேட், பேதியுப்பு என்றால் மெக்னீசியம் சல்பேட். இந்துப்பு சிந்து நாட்டுப் பெயரைச் சுமந்து வந்தது. கறியுப்பு இந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான்.

கரிம என்ற அடைமொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குரிய ஆர்கானிக் என்ற சொல், உயிருள்ளவற்றின் உறுப்புகளிலிருந்துதான் இந்தப் பொருள்கள் கிடைக்கும் என்று நம்பிய காலத்தில் வந்தது. 1828இல் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பிலிருந்து யூரியாவைத் தயாரித்துக் காட்டியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தமிழில் அந்தத் தவறு இல்லை. கரி என்ற வேரிலிருந்து கரிமம், அதிலிருந்து கரிம உப்பு. கார்பன் அதில் இருக்கிறது என்று சொல்லே சொல்லிவிடுகிறது. மூலச் சொல்லைவிட மொழியாக்கம் துல்லியமாக அமைந்த இடங்களில் இது ஒன்று என்பேன். கடையில் ஆர்கானிக் உப்பு என்று அச்சடித்த பாக்கெட்டைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். அது சோடியம் குளோரைடு. அதில் கார்பன் கிடையாது.

உண்மையான கரிம உப்பு வேண்டுமென்றால் அப்பத்தாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் போதும். சர்க்கரைக்குப் போடும் மாத்திரை அட்டையில் மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு என்று இருக்கும். மெட்ஃபார்மின் ஒரு கரிமக் காரம், அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்து உப்பாகியிருக்கிறது. துணி துவைக்கும் சோப்பும் கரிம உப்புதான்.

அடுத்தது படிகம். தண்ணீரில் கரைந்தது அடியில் படிவதால் படிகம் என்று வகுப்பில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேர் அது இல்லை. வடமொழி ஸ்படிகம்தான் தமிழில் படிகம் ஆனது. சொல்லின் முதலில் ஒற்று வராது என்பது தமிழின் வழக்கம், அதனால் ஸ் உதிர்ந்தது. இராமேஸ்வரத்தில் விடியற்காலையில் ஸ்படிக லிங்கம் பார்க்கப் போகிறவர்கள் பழைய உருவத்திலேயே அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். திருஷ்டிக்குக் கடை வாசலில் கட்டுகிற படிகாரத்திலும் அதே சொல் ஒளிந்திருக்கிறது. படிகாரம் ஓர் உப்பு, அழகான எண்முகப் படிகமாக வளரக் கூடியது.

படிகத்துக்கு ஒரு சகோதரி உண்டு. அவள் பெயர் பளிங்கு. அதே வடமொழிச் சொல் பிராகிருதத்தில் டகரம் ளகரமாகித் தமிழுக்கு வந்தது என்பது பலர் ஒப்பும் விளக்கம். பளபள, பளிச் ஆகியவற்றோடு சேர்த்து அது தமிழ் வேரே என்று சொல்லும் தனித்தமிழ் அறிஞர்களும் உண்டு. எதுவானாலும் பளிங்கு மிகப் பழைய சொல். மணிமேகலையில் பளிக்கறை புக்க காதை என்றே ஒரு காதை இருக்கிறது. இன்றைக்குச் செட்டிநாட்டில் பளிங்கு என்றால் முகப்பில் பதித்த இத்தாலிய மார்பிள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வள்ளுவர் சொன்ன பளிங்கு அது அல்ல. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்கிறார். பக்கத்தில் வைத்த பொருளைத் தன்னில் காட்ட வேண்டுமென்றால் அது தெளிந்த கல்லாக இருக்க வேண்டும். வெண்மையான மார்பிள் அதைச் செய்யாது. ஆக, அந்தப் பளிங்கு ஸ்படிகம்தான். பளிங்கு தரைக்குப் போய்விட்டதால் அறிவியலுக்குப் படிகத்தை எடுத்துக்கொண்டது நல்ல முடிவு.

ஆங்கிலத்தின் கிரிஸ்டல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரேக்க மொழியில் கிரிஸ்டல்லோஸ் என்றால் பனிக்கட்டி. மலையில் கிடைக்கும் தெளிந்த கல்லை, இனி உருகவே முடியாதபடி இறுகிப்போன பனி என்று பழங்காலத்தார் நம்பினார்கள். இந்தப் பனிக்கட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

படிகக் கட்டமைப்பு என்பதை விளக்க எனக்கு எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் பூப்போட்ட தரைக்கற்களைவிட நல்ல பாடப்பொருள் கிடைத்ததில்லை. ஒரு கல்லை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு முழுப் பூ, நான்கு மூலையிலும் கால் பூ. தனியாகப் பார்த்தால் மூலையில் இருப்பது பூவா இலையா என்றே தெரியாது. நாலு கல்லைச் சேர்த்து வைத்ததும் நாலு கால்களும் கூடி ஒரு முழுப் பூ மலரும். அப்படியானால் ஒரு கல்லுக்கு எத்தனை பூ? நடுவில் ஒன்று, மூலைகளில் நாலு கால் சேர்ந்து ஒன்று, ஆக இரண்டு. படிகத்தில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஒற்றைக் கல்லுக்கு அலகு கூடு என்று பெயர், அதிலும் கணக்கு இப்படித்தான். அங்கே மூன்று திசையிலும் அடுக்குவதால் மூலையில் இருக்கும் அணுவை எட்டுக் கூடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு. ஒரு கூட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் படிகம் முழுவதும் தெரிந்த மாதிரி. படிகக் கட்டமைப்பைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அந்த ஒற்றைக் கல்லின் நீள அகலத்தையும் அதில் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார் என்று அர்த்தம்.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது, எக்ஸ் கதிர் வேண்டும். 1912இல் லாவே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் வழி காட்டினார், அடுத்த ஆண்டே பிராக் என்ற தந்தையும் மகனும் கறியுப்பின் கட்டமைப்பைச் சொல்லிவிட்டார்கள். அதற்கு நல்ல ஒற்றைப் படிகம் வேண்டும். அமிலத்தையும் காரத்தையும் மெத்தனாலிலோ தண்ணீரிலோ கரைத்து, பீக்கரின் வாயைத் தாளால் மூடி, ஊசியால் நாலைந்து துளை போட்டு, ஆடாமல் அசையாமல் ஓரமாக வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டால் பொடிதான் மிஞ்சும். ஒரு சித்திரை மாதம் அப்படி வைத்த பீக்கரில் இரண்டே நாளில் எல்லாம் வற்றி, அடியில் வெள்ளைப் பூச்சு மட்டும் மிஞ்சியதைப் பார்த்து என் மாணவி அழுதே விட்டாள். மார்கழியில் வைத்ததுதான் கல் மாதிரி விழுந்தது.

சரி, ஹைட்ரஜன் பிணைப்புக்கு வருவோம். இந்தத் தலைப்பின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஹைட்ரஜன் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் தண்ணீரைப் பிறப்பிப்பது என்று பொருள். தமிழில் நீரகம், நீரியம் என்றெல்லாம் ஆக்கியிருக்கிறார்கள். இலங்கைப் புத்தகங்களில் ஐதரசன். தனிமத்துக்கு நீரகம் என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீரகப் பிணைப்பு என்று எழுதினால் படிப்பவர் தண்ணீரால் ஆன பிணைப்பு என்று எடுத்துக்கொள்கிறார். கரிம உப்புப் படிகங்களில் பல சமயம் படிக நீர் என்று உண்மையான தண்ணீரும் உள்ளே உட்கார்ந்திருக்கும். அது வேறு, இது வேறு. தண்ணீர்த் துளிகூட இல்லாத படிகத்திலும் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கும். அதனால் பள்ளிப் புத்தகத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு என்பதே நல்லது என்பது என் முடிவு.

நாம் கவனிக்க வேண்டியது பிணைப்பு என்ற பின்பாதியை. பிணைத்தல் என்றால் சேர்த்துக் கட்டுவது, பூவைப் பிணைப்பது போல. ஜோடி என்ற பொருளும் அதற்கு உண்டு. மூன்றாவது பொருளை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடனுக்கு ஜாமீன் நிற்பது பிணை. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போய் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த ஊர்க்காரர்களுக்குப் பிணை நிற்பது என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். பிணை நிற்பவர் கடன் வாங்கியவரின் ஆள். அவர் வீட்டைவிட்டுக் கடன் கொடுத்தவர் வீட்டுக்குக் குடி போவதில்லை. ஆனாலும் கடன் கொடுத்தவருக்கு அவர்மேல் ஒரு பிடிமானம் உண்டு. அந்தப் பிடிமானத்தில்தான் இரண்டு பேரும் ஒட்டி நிற்கிறார்கள்.

ஹைட்ரஜன் செய்வது இதேதான். நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே தூரம் சுமார் 1 ஆங்ஸ்ட்ரம். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ரம் அடங்கும். நைட்ரஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜனின் வெளிப்பக்கம் கொஞ்சம் நேர்மின்தன்மையோடு நிற்கிறது. எதிரே ஓர் ஆக்சிஜன் வந்தால் ஹைட்ரஜன் நைட்ரஜனை விடாமலேயே அதன் பக்கம் கை நீட்டுகிறது. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 2.8 ஆங்ஸ்ட்ரம், மூன்று அணுக்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில். இதன் வலிமை, இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சாதாரணச் சகப்பிணைப்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் எண்ணிக்கை அதிகம், திசையும் துல்லியம். ஜெர்மன்காரர்கள் இதை ஹைட்ரஜன் பாலம் என்கிறார்கள். பாலம் இரண்டு கரைக்கும் சமம், ஹைட்ரஜன் அப்படியில்லை. அது ஒருவரின் ஆள். அதனால்தான் எனக்குப் பிணை என்ற சொல்மேல் இவ்வளவு பிரியம்.

கிரேக்கரின் பனிக்கட்டி நினைவிருக்கிறதா? அதில் ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் சுற்றியுள்ள நாலு மூலக்கூறுகளோடு சேர்த்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புதான். கிரிஸ்டல் என்ற சொல் பிறந்த பொருளே இந்தப் பிணையில்தான் நிற்கிறது.

கரிம உப்பில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு, ஆய்வாளர்களே இடறும் இடம் அது. நைட்ரஜனை வழங்கி என்றும் ஆக்சிஜனை ஏற்பி என்றும் தமிழில் எழுதுகிறோம். ஹைட்ரஜன் பிணைப்பில் உண்மையில் எதுவும் கைமாறுவதில்லை. ஆனால் உப்பு உண்டாகும்போது மெய்யாகவே கைமாறுகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுப் புரோட்டானாகக் காரத்திடம் போய்விடுகிறது. முதலில் கொடை, அப்புறம் பிணை. புதிய வீட்டுக்குப் போன அதே ஹைட்ரஜன் பழைய வீட்டை நோக்கிக் கை நீட்டியபடி நிற்கிறது. கொடை நடக்காமல் பிணை மட்டும் இருந்தால் அது உப்பு அல்ல, இணைப்படிகம். காரத்தின் இணை அமிலத்துக்கும் (புரோட்டானை வாங்கிக்கொண்ட காரம்) அந்த அமிலத்துக்கும் பிகேஏ என்ற அமில வலிமை எண்ணில் சுமார் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தால் உப்பாகவே அமையும் என்பது நடைமுறைக் கணக்கு.

நடந்தது கொடையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான், எக்ஸ் கதிருக்கு அது சரியாகத் தட்டுப்படாது. அதனால் பக்கத்து வீட்டை அளப்பார்கள். கார்பாக்சிலிக் அமிலத்தில் இரண்டு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகளும் ஒரே நீளமில்லை, ஒன்று சுமார் 1.21, மற்றது சுமார் 1.31 ஆங்ஸ்ட்ரம். ஹைட்ரஜன் போய்விட்டால் இரண்டும் கிட்டத்தட்ட 1.25 ஆகிவிடும். என் மாணவி எடுத்துக்கொண்டது அமினோபிரிடின் வகைக் காரம். அதன் வளையத்து நைட்ரஜன் ஒரு ஹைட்ரஜனையும், பக்கத்து அமினோ தொகுதி ஒரு ஹைட்ரஜனையும் நீட்ட, எதிரே ஹைட்ரஜனை இழந்த அமிலப் பகுதியான கார்பாக்சிலேட்டின் இரண்டு ஆக்சிஜனும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணிப் பார்த்தால் எட்டு அணுக்கள் கொண்ட வளையம். இரண்டு வழங்கி, இரண்டு ஏற்பி, எட்டு அணு என்று இதற்குக் குறியீடே உண்டு.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். பிணை நிற்பது என்று சொல்லி விளக்கியதும் அப்பத்தா தலையாட்டினாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி: "அந்தக் கட்டியத் தண்ணியில போட்டாக் கரையுமா ஆத்தா?"

காரத்தன்மையுள்ள மருந்துகள் பலவற்றை உப்பாக்குவதே தண்ணீரில் நன்றாகக் கரையத்தான். மாணவியிடம், அப்பத்தா கற்கண்டு வடை சுடும்போது பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஊறவைத்த உளுந்தை, மேற்கொண்டு தண்ணீர் காட்டாமல் கெட்டியாக அரைத்து வைத்திருப்பார். கற்கண்டுப் பொடியைச் சேர்த்ததும், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே மாவு இளகிவிடும். கற்கண்டு உப்பல்ல, ஆனாலும் கரிமப் படிகம்தான். அதற்குள் சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று பிணை நின்றுகொண்டிருந்தன. உளுந்து ஊறியபோது குடித்த தண்ணீர் வந்து அந்தப் பிணைகளைத் தான் ஏற்றுக்கொண்டது.