ஃபியூஸில் கம்பி சுற்றாதீர்கள்: ஆம்ப்ளிஃபையர் பவர் சப்ளையில் பழுது தேடும் முறை

திருவிழா நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் பொட்டென்று நின்றுவிட்டால், பலரும் முதலில் தேடுவது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை, இல்லையென்றால் ஒயரில் உரித்த செம்பு இழையை. போன ஃபியூஸின் மேல் அதைச் சுற்றிச் செருகினால் சில சமயம் செட் பாடவும் செய்யும். ஆனால் அடுத்து அது ரிப்பேர் மேசைக்கு வரும்போது டிரான்ஸ்ஃபார்மர் கருகி, பிரிட்ஜ் (ஏசியை டிசியாக மாற்றும் நான்கு டயோடுகள்) வெடித்து, ஸ்பீக்கர் காயிலும் எரிந்துதான் வரும்.

கணக்கைப் பார்த்தாலே காரணம் புரியும். 300 விஏ டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் 230 வோல்ட்டில் இழுப்பது 1.3 ஆம்ப். அதற்கு 2 ஆம்ப் ஸ்லோ ஃபியூஸ் (ஆன் செய்யும் நொடியின் அதிகக் கரன்டைத் தாங்கி, அது நீடித்தால் உருகுவது) போதும். ஒயரின் 0.2 மில்லிமீட்டர் இழை ஒன்று உருகவே ஏறத்தாழ 7 ஆம்ப் வேண்டும். மூன்று இழையை முறுக்கிவிட்டால் 20 ஆம்ப் தாண்டும். அந்தக் கம்பி உருகுவதற்கு முன்பே டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். ஃபியூஸ் போனது பழுதல்ல, உள்ளே எங்கோ பழுது இருக்கிறது என்ற தகவல் அது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மூடியைக் கழற்றியதும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை (பிரிட்ஜுக்குப் பின் டிசியைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள்) டிஸ்சார்ஜ் செய்யுங்கள். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் காப்பிட்ட ஒயரைப் பற்றவைத்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் பிளஸ், மைனஸ் கால்களில் பத்து விநாடி பிடித்தால் 10,000 மைக்ரோஃபாரட் கூட வடிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். தீப்பொறியில் காலும் டிராக்கும் சேதமாகும், கண்ணுக்கும் ஆபத்து. முடித்த பின் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

இப்போது போன ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை நடுவில் மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் ஓவர்லோடு, அல்லது ஃபியூஸுக்கு வயதாகியிருக்கலாம். உட்புறம் கண்ணாடி முழுக்கக் கறுத்தோ, வெள்ளிப்பூச்சு போல மினுங்கியோ இருந்தால் உள்ளே முழு ஷார்ட். அப்போது புது ஃபியூஸ் போட்டு நேராக ஆன் செய்தால் அதுவும் போகும், கூடவே நல்ல பாகங்களும் போகும்.

அதனால் சீரிஸ் பல்பு போர்டு இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். ஒரு ஹோல்டர், ஒரு சுவிட்ச், ஒரு சாக்கெட், 100 வாட் குண்டு பல்பு, இவ்வளவுதான். பேஸ் ஒயர் பல்பின் வழியாகச் சாக்கெட்டுக்குப் போக வேண்டும். எர்த் நேராகப் போக வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பின் இழை குளிர்ந்த நிலையில் சுமார் 40 ஓம்தான், முழுதாக எரியும்போது 529 ஓம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பே பளிச்சென்று எரிந்து கரன்டை அரை ஆம்புக்குள் கட்டிவிடும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆயின, பெரிய ஷார்ட் இல்லை. எரிந்துகொண்டே இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை, அதாவது வெளியே வோல்ட் தரும் சுற்றை, பிரிட்ஜிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் பல்பு எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று, அல்லது அதற்கு முன்னால் மெயின்ஸில் இருக்கும் வாரிஸ்டர் (வோல்ட் அளவுக்கு மீறினால் கரன்டைத் தன் வழியே கடத்திக் கருவியைக் காக்கும் பாகம்) ஷார்ட். வாடகைக்கு ஓடும் செட்களில் இந்த வாரிஸ்டர் அடிக்கடி போகும். தற்காலிக மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றுவிட்டால் 230 வோல்ட் கருவிக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடும். வாரிஸ்டர் உயிரைக் கொடுத்து ஃபியூஸை அடிக்கும். வாரிஸ்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள், அதே எண்ணில் புதிதாக வையுங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தும் பிரைமரி (மெயின்ஸ் பக்கத்துச் சுற்று) ஓபன் காட்டினால் சுற்றுக்குள் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் தேறினால் அடுத்தது பிரிட்ஜ். டயோடு மோடில் ஒவ்வொரு டயோடும் ஒரு பக்கம் 0.5 முதல் 0.6 வரை, மறுபக்கம் ஓபன். இரு பக்கமும் பூஜ்யம் காட்டினால் ஷார்ட். பிரிட்ஜும் நல்லதென்றால் ஆம்ப் போர்டுக்குப் போகும் சப்ளை ஒயர்களைக் கழற்றி ஆன் செய்யுங்கள். பல்பு மங்கிவிட்டால் சப்ளை நல்லது, குற்றம் பவர் டிரான்சிஸ்டர்களில். 5200, 1943 என்ற எண்ணுள்ள டிரான்சிஸ்டர் ஜோடி ஷார்ட் ஆகியிருந்தால் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் டிரைவரையும் சேர்த்துப் பாருங்கள். சந்தையில் இந்த ஜோடிக்குப் போலி ஏராளம்.

ஃபியூஸ் போகாமல் ஹம் (ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் உறுமல்) மட்டும் வந்தால் வழி வேறு. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹம்மும் சேர்ந்து குறைந்தால் அது உள்ளே வரும் கேபிளிலோ முன் நிலையிலோ இருக்கிறது. குறையாமல் நின்றால் பெரும்பாலும் சப்ளை. முழு அலை ரெக்டிஃபையரில் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 100 ஹெர்ட்ஸ். 3 ஆம்ப் இழுக்கும்போது 10,000 மைக்ரோஃபாரடில் ரிப்பிள் சுமார் 3 வோல்ட். கெப்பாசிட்டர் காய்ந்து 3,000 ஆகிவிட்டால் அதுவே 10 வோல்ட். பிரிட்ஜில் ஒரு டயோடு ஓபன் ஆனால் அந்த ரெயிலில் (ஆம்ப் போர்டுக்குப் போகும் பிளஸ் அல்லது மைனஸ் சப்ளை) 50 ஹெர்ட்ஸ், இன்னும் அடித்தொண்டையில் உறுமும்.

கெப்பாசிட்டரின் தலை உப்பவில்லை என்பதால் அது நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். பெரிய கெப்பாசிட்டர்கள் உப்பாமலே காயும். கழற்றி அளந்து பாருங்கள், எழுதியிருப்பதில் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழைய பசை வெயிலில் காய்ந்த வெல்லம் போலக் கரும்பழுப்பாகியிருந்தால் சுரண்டி எடுங்கள். சூடேறிய அந்தப் பசை கால்களை அரிக்கும், சில சமயம் கரன்டையும் கடத்தும். போர்டைத் திருப்பி, பிரிட்ஜின் கால்களைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய கீறல் தெரிந்தால் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு. தட்டினால் பாடும், விட்டால் நிற்கும் செட்டின் ரகசியம் பல சமயம் இந்தக் கீறல்தான்.

30-0-30 டிரான்ஸ்ஃபார்மரில் (நடுக்காலிலிருந்து இருபுறமும் 30 வோல்ட் ஏசி தருவது) ரெயில் சுமார் 42 வோல்ட் வரும், லோடு இல்லாதபோது இன்னும் ஏறும். 50 வோல்ட் கெப்பாசிட்டர் விலை குறைவென்று வைக்காதீர்கள், 63 வோல்ட், 105 டிகிரி வையுங்கள். மைனஸ் ரெயிலில் கவனம் வேண்டும்: அங்கே கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்கு, கோடு போட்ட மைனஸ் கால் மைனஸ் 42 வோல்ட்டுக்கு. மாற்றிப் போட்டால் சில நிமிடத்தில் வெடிக்கும். ரெகுலேட்டரிலும் இதே போல் ஒரு பொறி இருக்கிறது. பிளஸ் 12 வோல்ட் தரும் 7812இன் கால்கள் இன்புட், கிரவுண்டு, அவுட்புட். மைனஸ் 12 வோல்ட் தரும் 7912இன் கால்கள் கிரவுண்டு, இன்புட், அவுட்புட். 7912இன் உலோக முதுகு இன்புட்டோடு சேர்ந்தது, மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) இல்லாமல் ஹீட் சிங்கில் முறுக்கினால் ஷார்ட்.

ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் (ஆம்ப் உள்ளேயே இருப்பவை) இருக்கும் எஸ்எம்பிஎஸ் (பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் அதிவேக ஸ்விட்சிங்கில் இயங்கும் சப்ளை) வேறு ஜாதி. அதன் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். அதை வடிக்க 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வேண்டும். பிரைமரி பக்கத்துக் கிரவுண்டு மெயின்ஸோடு சேர்ந்தது, அதைத் தொடக் கூடாது. டிக் டிக் என்று சத்தம் போட்டு ஆன் ஆக மறுத்தால், கன்ட்ரோல் ஐசி அருகில் இருக்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் சிறு கெப்பாசிட்டரை முதலில் மாற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கை பழகாதவர்கள் முழு போர்டையே மாற்றிவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் மறுபடி சீரிஸ் பல்பில் ஆன் செய்யுங்கள். இரண்டு ரெயிலும் ஒரு வோல்ட் வித்தியாசத்துக்குள், ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஸ்பீக்கரை மாட்ட வேண்டும். பிறகு சரியான ஸ்லோ ஃபியூஸ். அதன் மூடியில் டி என்ற எழுத்து இருக்கும்.

கடைசியாக எர்த். ஹம் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் மைக் செட் தொழிலில் இன்னும் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் லீக் ஆனால் சேசிஸில் (செட்டின் உலோக உடல்) ஏறும் வோல்டேஜ் கேபிளின் ஷீல்டு வழியாக மைக்கின் உலோக வலைக்குப் போகும், மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர் உதடு அதில்தான் படுகிறது. ஹம் போக வேண்டுமானால் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையைச் சேசிஸின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குள் காட்டினால் மட்டும் செட்டை வெளியே அனுப்புங்கள்.