நெஞ்சுவலிக்குப் பிறகு மாடி ஏறலாமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருந்தார்: "அவுகளுக்கு ஸ்டென்ட் வச்சு மூணு மாசமாச்சு. மாடி ஏற விடுறதில்லை. நான் வளவுலயும் அவுக முகப்புலயுமா படுக்குறோம். என்னென்ன திங்கக் கூடாதுன்னு டாக்டர் ஒரு தாள் நிறைய எழுதிக் குடுத்தாக. இதைப் பத்தி எழுதலை. எப்படிக் கேக்குறது?"

வெள்ளைப் பணியாரத்தைக்கூட மறக்காமல் விலக்கியவர் இதை மட்டும் விட்டுவிட்டார்! தாம்பத்திய உறவு இதயத்துக்குத் தரும் வேலை, இரண்டு மாடி ஏறுவது போலத்தான். நெஞ்சு பிடிக்காமல், மூச்சு இரைக்காமல் ஏற முடிந்தவருக்குப் பெரும்பாலும் தடையில்லை. சிக்கலில்லாத மாரடைப்பென்றால் ஒரு வாரத்துக்குப் பிறகு, பைபாஸ் என்றால் நெஞ்செலும்பு கூடிவர 6 முதல் 8 வாரம் கழித்து என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாடிக் கதவைத் திறந்துவிடுங்கள் ஆச்சி.

எனக்குக் கவலை மாத்திரையைப் பற்றி.

நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட், டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. (டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் அந்த நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.) இரண்டும் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தருகின்றன. வாயு ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் புகுந்ததும் அங்கே சிஜிஎம்பி என்றொரு மூலக்கூறு உண்டாகிறது. அது சேரச் சேரத் தசை தளரும், குழாய் விரியும். அளவு மீறாதிருக்க, பிடிஇ-5 என்ற நொதி அதை உடனுக்குடன் சிதைத்துக்கொண்டே இருக்கும்.

நம் வீட்டு முற்றத்தை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் கொட்டுகிறது. ஐப்பசி அடைமழையிலும் வளவுக்குள் தண்ணீர் ஏறாததற்கு, மூலையில் இருக்கும் அந்தச் சின்னத் தண்ணீர்ப்போக்கிதான் காரணம். சார்பிட்ரேட் மழை, பிடிஇ-5 அந்தப் போக்கி, சில்டெனாஃபில், அதாவது வயாகரா, போக்கியில் திணித்த சாக்கு. தனித்தனியே வந்தால் சமாளிக்கலாம். மழையும் சாக்கும் ஒன்றாக வந்தால் உடம்பெங்கும் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் தடாலென விழும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கே ரத்தம் போகாது.

இந்த வாயுவின் கதையை அவிழ்த்தவர்களில் ஒருவரான ஃபர்ச்காட், முயலின் ரத்தக்குழாய்த் துண்டுகளை வைத்துக்கொண்டு, உட்படலம் உரிந்தால் ஏன் தளரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1980-இல் வெளியிட்டார், 1998-இல் நோபல் பரிசு. அதே 1998-இல்தான் வயாகராவும் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. முதலில் நெஞ்சுவலிக்கென்று சோதித்த மருந்து அது! முயல் குழாய்க்கு இங்கே ஒருவர் பணம் கேட்டால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

லேகியம் விற்பவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. 'மூலிகை' என்று விற்ற வீரிய மருந்துகளில் சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. வீட்டுக்காரர் ஆச்சிக்குத் தெரியாமல் அதை விழுங்கியிருப்பார். நடுராத்திரி நெஞ்சு வலிக்கும். ஆச்சி பதறிப்போய், சாமி மாடத்தில் வைத்திருக்கும் சார்பிட்ரேட்டை எடுத்து நாக்குக்கடியில் வைப்பார்.

சில்டெனாஃபில் சாப்பிட்டிருந்தால் 24 மணி நேரம், அதே வகை மருந்தான டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் சார்பிட்ரேட்டை வைக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஆச்சிக்கு முதலில் அது தெரிந்திருக்க வேண்டுமே.