கருப்புப் பந்து எங்கே போயிருந்தது?

மேசை ஒன்று, டேப் ரெக்கார்டர் ஒன்று, க்ராப் என்ற கிழவர் ஒருவர். அவருக்கு அன்று 69ஆவது பிறந்தநாள். இழுப்பறையைத் திறந்து வாழைப்பழம் எடுத்துத் தின்றுவிட்டு, 39 வயதில் தான் பேசிப் பதிவு செய்த நாடாவைத் தேடிப் போட்டுக் கேட்கிறார். அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் எழுதி, 1958இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் மேடையேறிய 'க்ராப்ஸ் லாஸ்ட் டேப்' நாடகத்தில் நடப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். பெரிய நடிகர்கள் பலர் வயதான பிறகு இதைத் தேடி வந்து நடித்திருக்கிறார்கள். நாடகாசிரியரும் நடிகருமான ஹரால்ட் பின்ட்டர் 2006இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தே நடித்தார்.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், மூளைப் படத்தை விட்டுவிட்டு இந்த நாடகத்தில் வரும் பேரேட்டைத்தான் காட்டுவேன். எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று க்ராப் அதில் குறித்து வைத்திருக்கிறார். 'கருப்புப் பந்து' என்று ஒரு குறிப்பு. என்ன பந்து? அவருக்கே விளங்கவில்லை. நாடா ஓடும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அம்மா இறந்துகொண்டிருந்த வீட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்திருக்கிறார். அப்போது ஜன்னல் திரை இறங்கியிருக்கிறது. அம்மா போய்விட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

எழுதி வைத்த சொல் ஏன் உதவவில்லை? ஒன்றை மனதில் பதியும்போது கூடவே என்ன இருந்ததோ, அதைத் திரும்பத் தொட்டால்தான் அது எளிதில் மேலே வரும் என்று உளவியலாளர்கள் டல்விங்கும் தாம்சனும் 1973இல் விளக்கினார்கள். இரண்டு சொல் குறிப்பில் அந்த பெஞ்சும் இல்லை, நாயும் இல்லை.

இன்னொரு இடத்தில், இளைய குரல் சொல்லும் ஓர் அரிய சொல் கிழவருக்குப் பிடிபடாமல் அகராதியைப் புரட்டுகிறார். முதுமையில் சொல்வளம் பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் அதிகம் புழங்காத சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுப்பது வயதோடு கூடுகிறது.

நாடாவில் ஒலி காந்தத் துகள்களின் அமைப்பாகப் பதிகிறது. போட்டுக் கேட்பதால் அது மாற்றி எழுதப்படுவதில்லை. மூளையின் கதை வேறு. அஞ்சக் கற்றுக்கொண்ட எலிகளுக்கு அந்த அச்சத்தை நினைவூட்டிவிட்டு, உடனே மூளையில் புரத உற்பத்தியைத் தடுத்தால் அந்த அச்சம் மங்கிவிடுவதைக் மூளை ஆய்வாளர் கரீம் நேடரின் குழு 2000இல் காட்டியது. நினைவூட்டாமல் அதே மருந்தைச் செலுத்தினால் அச்சம் அப்படியே இருந்தது. அதாவது நினைவை எடுக்கிற நேரத்தில் அது இளகுகிறது. மறுபடி உறைய வேண்டியிருக்கிறது. மாறாத குரலும் மாறிப்போன ஆளும் ஒரே மேடையில் இருப்பதுதான் இந்த நாடகத்தின் குறும்பு.

சரி, நடிக்கிறவர் இத்தனையையும் எப்படி மனதில் வைக்கிறார்? குருட்டு மனப்பாடம் இல்லை. நடிகர்களை ஆராய்ந்த ஹெல்கா நாய்ஸ், டோனி நாய்ஸ் தம்பதி கண்டது இது: தேர்ந்த நடிகர் வரிகளை ஒப்பிப்பதில்லை, "இந்த ஆள் இதை ஏன் இப்போது சொல்கிறான்?" என்று கேட்டபடியே வாசிக்கிறார். நடந்துகொண்டு சொன்ன வரிகள், நின்ற இடத்தில் சொன்னவற்றைவிட மாதங்கள் கழித்தும் நன்றாக நினைவிலிருந்தன. க்ராப்பிடம் சாவி, இழுப்பறை, பழம், நாடாச் சுருள் என்று கைக்கு வேலை ஏராளம். பெக்கெட் அறிந்து செய்தாரோ இல்லையோ, நடிகருக்குப் பெரிய உபகாரம்.

குரலும் ஒரு சங்கதி. முதுமையில் ஆண்களின் குரல்நாண்கள் மெலிவதால் குரலின் சுருதி சற்று ஏறி, நடுக்கமும் சேரும். இதை நடித்துக் காட்டுவது சுலபமில்லை. ஐரிஷ் நடிகர் ஸ்டீஃபன் ரே, என்றாவது இந்த வேடம் கிடைக்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே இளைய க்ராப்பின் வசனத்தைப் பதிந்து வைத்திருந்தார். பிறகு மேடையில் அமர்ந்து தன் பழைய குரலையே கேட்டார். அந்த வசனம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கருப்புப் பந்து வரும் இடத்தில், அதை அப்போதுதான் கேட்பவர்போல் முகம் மாற வேண்டும், ஒவ்வொரு இரவும்.